தீவின் கடைசி வீடு

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடி தாயி. வெளிச்சம் அடிக்குது."

யோகேஸ்வரி கைபேசியைச் சாய்த்துப் பிடித்தாள். நேற்று வரை அப்பாவே பிடித்துக்கொள்வார். இன்று காலையிலிருந்து அவர் விரல்களில் பிடிமானம் இல்லை. போன் நழுவி நழுவி மடியில் விழுந்தது. அதனால் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

படுத்தால் அவருக்கு மூச்சு அடைத்தது. நிமிர்ந்து உட்கார்ந்தால் இடுப்பு தாங்கவில்லை. தலையணைகளை அடுக்கி, அவற்றின் மேல் ஒரு போர்வையைச் சுருட்டி வைத்து, பாதி படுத்த வாக்கில் சாய்த்து வைத்திருந்தார்கள். மூக்கில் செருகிய குழாய், காதைச் சுற்றி இறங்கி, சுவரோரம் நின்ற ஆக்சிஜன் சிலிண்டருக்குப் போனது. அதில் மாட்டியிருந்த சின்னப் பாட்டிலில் தண்ணீர் ஓயாமல் குமிழியிட்டது.

திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. மழைக்கோட்டுப் போட்ட ஒரு கிழவர், கையில் அரிக்கன் விளக்கோடு, கல் பாவிய ஏற்றத்தில் நின்றார். விரலை வைத்தால் நடப்பார், எடுத்தால் நின்றுவிடுவார். ஏற்றத்தின் உச்சியில் ஒரு வீடு. தீவில் இருந்த வீடுகளில் இன்னும் திறக்காத வீடு அது ஒன்றுதான்.

"நடக்கட்டுமாப்பா?"

"பொறு. மள சத்தம் கேக்கட்டும்."

அவள் விரலை எடுத்தாள். கிழவர் நின்றார். ஓட்டுக்கூரையில் விழும் மழையும் எங்கோ கீழே பாறையில் மோதும் கடலும் அந்தச் சின்னப் போனிலிருந்து கேட்டன. வெளியே நாரணாபுரத்தில் வெயில் காய்ந்தது. மழை பெய்து நாளாகியிருந்தது. மழை இல்லாவிட்டால்தான் பட்டாசு காயும் என்பதால் ஊரில் யாரும் அதைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ளவில்லை.

அம்மா பொன்னுத்தங்கம் கஞ்சி டம்ளரோடு உள்ளே வந்தாள். போனைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"சாமி பேரச் சொல்ல வேண்டிய நேரத்துல அதையே தடவிக்கிட்டு இருக்கீக. பிள்ளையும் சேந்துக்கிட்டு ஆடுது."

"ஒரு வாய் குடு," என்றார் அப்பா, சண்டையைத் தவிர்க்கிறவர் போல.

அம்மா தேக்கரண்டியால் ஊட்டினாள். பாதி உள்ளே போயிற்று, பாதி தாடையில் வழிந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, போனை இன்னொரு முறை முறைத்துப் பார்த்துவிட்டு, அடுப்படிக்குப் போனாள்.

அப்பா தனுஷ்கோடிக்கு அறுபது வயது வரை சொந்தமாகப் போன் கிடையாது. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் பகுதிக்கு அவர் போர்மேன். கேட்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வேலை எதற்கு என்று அவர் வாங்கவே இல்லை. அவருடைய வேலை முழுக்கவும் 'கூடாது'களால் ஆனது. உரசக் கூடாது, சிந்தக் கூடாது, இழுத்து வைக்கக் கூடாது, ஓடக் கூடாது. அறைக்குள் நுழையும் முன் வாசலில் பதித்திருக்கும் செப்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் மின்சாரம் ஏதும் தங்கியிருந்தால் இறங்கிவிட. வீட்டிலும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. தட்டைக் கீழே வைத்தால் சத்தம் வராது. பீரோக் கதவை இரண்டு கையாலும் பிடித்துத்தான் சாத்துவார். சின்ன வயதில் யோகேஸ்வரியின் தோழிகள், "உங்க அப்பா பூன மாதிரி நடக்காகடி," என்று சிரிப்பார்கள்.

வேலையை விட்ட சில மாதங்களில் இருமல் தொடங்கியது. நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிறது என்றார் விருதுநகரில் பார்த்த டாக்டர். மருந்துத் தூசியா, பீடியா, பரம்பரையா என்று அம்மா கேட்டதற்கு, "எதுன்னு இப்பச் சொல்லி என்னம்மா ஆகப் போகுது," என்று அவர் தணிந்த குரலில் சொன்னார். முதலில் கடைத்தெருவுக்குப் போவது நின்றது. அப்புறம் வாசலுக்குப் போவது. பிறகு கட்டிலிலிருந்து குளியலறை வரை நடப்பதே ஒரு பயணமாயிற்று.

அண்ணன் தருண்குமார் கோயம்புத்தூரிலிருந்து ஒரு போன் வாங்கி அனுப்பினான். அப்பா அதில் செய்தி பார்த்தார், பாட்டுக் கேட்டார், சலித்துப்போய் வைத்துவிட்டார். அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை யோகேஸ்வரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் போனில் விளையாடிக்கொண்டிருந்தாள். திருத்தங்கல்லில் ஒரு அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைவது அவள் வேலை. நாள் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் வெடிப்பும் பொறியுமாகப் பார்த்த கண்ணுக்கு, பஸ்ஸில் வரும்போது இருட்டும் மழையும் ஆளில்லாத தெருவுமாக இருக்கிற விளையாட்டுகள்தான் பிடித்தன. அவளோடு வேலை பார்க்கும் ரோஜா, "சுடவும் இல்ல, பாயிண்டும் இல்ல. தூங்குமூஞ்சி வெளையாட்டுடி," என்பாள். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அப்பா எட்டிப் பார்த்தார்.

"இதுல என்ன செய்யணும்?"

"நடக்கணும்பா."

"நடந்து?"

"வீடு வீடாப் போகணும். எதையாச்சும் தொட்டா, அந்த வீட்டுல முந்தி என்ன நடந்துச்சுன்னு எழுத்து வரும். அதப் படிக்கணும். அம்புட்டுத்தான்."

"கீள விளுந்துட்டா?"

"விள மாட்டாருப்பா."

"யாராச்சும் அடிக்க வருவாகளா?"

"தீவுல ஆளே கெடையாது."

"எம்புட்டு நேரத்துக்குள்ள முடிக்கணும்?"

"நேரமெல்லாம் கெடையாது. நீங்க ஒரு வருசம் நின்னாலும் அவரும் நிப்பாரு."

திரையில் ஒரு மேசையும், அதன்மேல் ஒரு கண்ணாடிக் குடுவையும் தெரிந்தன. அப்பா விரலை நீட்டி, தொடாமல், அதன் மேலே பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எங்க தொட்டாலும் ஒண்ணும் ஆகாதா?"

"எங்க தொட்டாலும் ஒண்ணும் ஆகாதுப்பா."

அவர் தொட்டார். குடுவை மெல்லச் சிணுங்கியது. எழுத்துகள் வந்தன. அப்பா சிரித்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், என்ன சிரிப்பு என்று.

அன்றைக்கே அவர் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தாள். எழுத்தெல்லாம் ஆங்கிலம். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆகவே அது இரண்டு பேரின் விளையாட்டாயிற்று. அவள் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, காப்பியோடு கட்டிலில் உட்காருவாள். அவர் நடப்பார், தொடுவார். அவள் வாசித்துத் தமிழில் சொல்லுவாள். அவள் இல்லாத பகலெல்லாம் புதுக் கதவு எதையும் திறக்காமல், ஏற்கெனவே பார்த்த கரையிலும் தெருவிலும் அந்தக் கிழவரைச் சும்மா நடத்திக்கொண்டிருப்பார் என்று அம்மா சொன்னாள். "கடலப் பாத்துக்கிட்டு நிக்கிது அந்த உருவம். இவுக அதப் பாத்துக்கிட்டு இருக்காக. என்ன கூத்தோ."

கதை இதுதான். அந்தக் கிழவர் தன் மகளைத் தேடித் தீவுக்குப் படகில் வந்திருக்கிறார். மகள் அங்கே பள்ளிக்கூட டீச்சர். சில மாதங்களாக அவளிடமிருந்து தகவல் இல்லை. ஊரில் யாரும் இல்லை. பேக்கரிக்காரர், தபால்காரர், வலை பின்னுகிற விதவை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை. ஒவ்வொன்றிலும் மகளைப் பற்றி ஒரு துணுக்கு.

"நல்ல பிள்ளையாத்தான் இருந்துருக்கா," என்பார் அப்பா. "எல்லாருக்கும் ஓடி ஓடிச் செஞ்சிருக்கா பாரு." மறுநாள் காலை பல் தேய்க்கும்போது கேட்பார்: "அந்த வலைக்காரம்மாவுக்கு மகன் திரும்பி வந்தானா, வரலையா?" அடுப்படியில் அம்மா பாத்திரத்தைப் படார் என்று வைப்பாள்.

கடைசி வீட்டுக்கு வந்து சேர்ந்தது தீபாவளிச் சீசன் உச்சத்தில். அச்சகத்தில் ஆர்டர் குவிந்து, யோகேஸ்வரி வீட்டுக்கு வரவே நேரமாயிற்று. பிறகு ஓய்வு கிடைத்தபோது அவள் கேட்டாள், "திறந்துருவமாப்பா?" அப்பா, "இன்னைக்கு வேண்டாம். நாளைக்குப் பாப்போம்," என்றார். மறுநாளும் அதையே சொன்னார். முடிந்துவிடக் கூடாது என்று நினைக்கிறார் போல என்று அவளும் விட்டுவிட்டாள். அதற்குள் மூச்சு மோசமாகி, ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். "பாக்க வேண்டியவுகளுக்குச் சொல்லிருங்க," என்றார் டாக்டர். தருண்குமாருக்குச் சொன்னாள். இன்று காலையில் அவன் கோயம்புத்தூரில் பஸ் ஏறிவிட்டான்.

கஞ்சி கொடுத்துவிட்டு அம்மா போன பிறகு பாண்டிலட்சுமி வந்தாள். அப்பாவின் கீழ் வேலை பார்த்தவள். ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். கட்டிலருகே நின்று, "அண்ணாச்சி, நான் பாண்டி வந்திருக்கேன்," என்றாள்.

அப்பா தலையசைத்தார். "தகட்டத் தொட்டியா?" என்றார்.

பாண்டிலட்சுமி ஒரு கணம் திகைத்தாள். பிறகு சிரித்தாள். "தொட்டேன் அண்ணாச்சி," என்றாள். சிரிப்பு முடியும் முன்பே முந்தானை வாய்க்குப் போய்விட்டது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அம்மாவோடு அடுப்படியில் உட்காரப் போனாள்.

அவள் போனதும் அப்பா யோகேஸ்வரியைப் பார்த்தார்.

"யோகு. அந்த வீட்டத் தெற."

"இப்பவாப்பா? அண்ணே வந்துரட்டுமே. மூணு பேரும் பாப்போம்."

"தெற தாயி."

அவள் விரலை வைத்தாள். கிழவர் ஏறினார். ஒவ்வொரு படிக்கும் அவர் விளக்கு ஆடி, மழைத்தாரைகள் மஞ்சளாகத் தெரிந்து மறைந்தன. அப்பாவின் மூச்சு கிழவரின் நடையைவிட வேகமாக இருந்தது. கதவு. அவள் தொட்டாள். மரம் கிறீச்சிட்டுத் திறந்தது.

உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மேசை, கடலைப் பார்த்த ஜன்னல். ஜன்னலில் ஏற்கெனவே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆள் இல்லை. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

யோகேஸ்வரி மனதுக்குள் வாசித்தாள். புயல் அடித்த அன்று ஒரு படகு கவிழ்ந்தது என்று இருந்தது. அதில் வந்த கிழவர் கரை சேரவே இல்லை. மகளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் கரையேறி, வீடு வீடாக நடந்தது. மகள் அவருக்காகத் தினமும் ஜன்னலில் விளக்கேற்றி வைத்தாள். பிறகு மீட்க வந்த படகில் ஏறி எல்லோரோடும் அக்கரைக்குப் போய்விட்டாள். போகும்போதும் விளக்கை அணைக்கவில்லை. இனி உன் விளக்கு தேவையில்லை, கீழே வைத்துவிடு என்று எழுத்து முடிந்தது.

பாட்டிலில் தண்ணீர் குமிழியிடுவது மட்டும் கேட்டது.

"என்ன போட்டிருக்கான்?" என்றார் அப்பா.

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "மக உள்ளதான் இருக்காப்பா."

"இருக்காளா?"

"இருக்கா. கதவு சத்தங் கேட்டு ஓடி வர்றா. ஏம்ப்பா இம்புட்டு நேரம், மளையில நனஞ்சிட்டீகளேங்கா."

"ஆளக் காங்கலையே."

"இதுல எந்த வீட்டுல ஆளக் காட்டுனான்? எழுத்து மட்டுந்தான வரும்."

"அதுஞ் சரிதான்." அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "அவரு என்ன சொல்றாரு?"

"வளி தெரியல தாயி, வீடு வீடாத் தேடிட்டு வர்றேங்காரு."

"பெறவு?"

பெறவு என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. "உக்காரச் சொல்றா. சோறு வடிச்சு வச்சிருக்காளாம்."

"என்ன கொளம்பு?"

"கருவாட்டுக் கொளம்பு," என்றாள், யோசிக்காமல். அது அப்பாவுக்குப் பிடித்தது.

அப்பாவின் தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்துக் குனிந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்புதான் இருமலாக மாறியது. அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அடங்கியதும் கேட்டார்.

"அந்த ஊர்க்காரன்... கருவாட்டுக் கொளம்பா வைக்கான்?"

"மீனுன்னுதாம்பா போட்டிருக்கான். நாந்தான் கருவாடுன்னு சொன்னேன்."

"நல்லாச் சொன்ன." கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். பாதியிலேயே கை விழுந்துவிட்டது. அவள் துடைத்துவிட்டாள். "நல்லாருக்கு கதை."

திரையில் மேசை மேல் ஒரு சின்ன வட்டம் மின்னிக்கொண்டிருந்தது.

"அங்கன மின்னுது பாரு. அதத் தொடு."

அவள் தொடவில்லை. "போதும்பா. இதோட வச்சிருவோம். நாளைக்கு அண்ணே வந்தப் பெறவு பாக்கலாம்."

"எங்க தொட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு நீதான சொன்ன."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கையை எடுத்து, ஆள்காட்டி விரலைப் பிடித்து, வட்டத்தின் மேல் வைத்தாள். இரண்டு விரல்களுமாகத் தொட்டன. கிழவர் குனிந்து விளக்கை மேசை மேல் வைத்தார், சத்தமே வராமல். ஜன்னலுக்கு வெளியே மழை நின்றது. திரை மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டே போய், கடைசியில் வெறும் வெள்ளையானது. கடல் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. அதுவும் நிற்கும் வரை அப்பா கண்ணை எடுக்கவில்லை.

"காலு வலிக்கும் உனக்கு. எந்திரிச்சுப் போ," என்றார்.

வெயில் தாழ்ந்தபோது அவர் தூங்குவது போலிருந்தது. பாண்டிலட்சுமி விடைபெற்றுப் போயிருந்தாள். அம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதங்களை நீவிக்கொண்டிருந்தாள். தருண்குமார் மதுரை தாண்டிவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தான். யோகேஸ்வரி வாசலில் நின்று அவனுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தாள். கம்பெனி பஸ் ஒன்று, வேலை முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு தெருமுனையில் திரும்பியது.

"யோகு." அம்மாவின் குரல் உயரவில்லை. "இங்கன வா. உங்க அப்பா காலு சில்லுன்னு இருக்கு."

அவள் உள்ளே வந்தாள். அப்பாவின் வாய் சற்றுத் திறந்திருந்தது. நெஞ்சில் கை வைத்தாள். மூக்கருகே விரலை வைத்தாள். குழாயிலிருந்து வந்த காற்று விரலில் பட்டு, ஒரு நொடி அவளை ஏமாற்றியது.

அம்மா பாதத்தை விடாமல் நீவிக்கொண்டே இருந்தாள். சுவரோரம் பாட்டிலில் தண்ணீர் குமிழியிட்டபடியே இருந்தது. யோகேஸ்வரி போய்ச் சிலிண்டரின் திருகைப் பிடித்தாள். திருக முடியவில்லை. மறுபடி பிடித்து, மெதுவாக மூடினாள். வீடு அத்தனை அமைதியாக இருந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. அந்த அமைதியில்தான் அம்மாவின் முதல் சத்தம் எழுந்தது.

தருண்குமார் வந்தபோது வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் தெருவிலேயே பையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் காலையில் எடுத்தார்கள். நீர்மாலைக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வந்தார்கள். குளிப்பாட்டினார்கள். கம்பெனியிலிருந்து மாலை வந்தது. வரிசையாக வந்த பெண்கள் ஒவ்வொருவராக அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பாண்டிலட்சுமி மட்டும் அழாமல், வந்தவர்களின் செருப்புகளை ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் அண்ணன் ஒச்சப்பன், ஊர்ப் பெரியவர்கள் நடுவிலிருந்து யோகேஸ்வரியைக் கூப்பிட்டார்.

"நீதானம்மா பக்கத்துல இருந்த. மச்சான் கடைசியா என்ன பேசுனாக?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கருவாட்டுக் குழம்பு என்று எப்படிச் சொல்வது?

"காலு வலிக்கும், எந்திரிச்சுப் போன்னாக மாமா."

"பிள்ள மேல அம்புட்டு உசுரு," என்றார் ஒச்சப்பன், பக்கத்திலிருந்தவரிடம். அவர் தலையாட்டினார்.

வாய்க்கரிசி போட்டுத் தூக்கினார்கள். தெருமுனை வரை பெண்கள் போனார்கள், அதற்கு மேல் போகவில்லை. கொட்டுச் சத்தம் தேய்ந்து போகும் வரை யோகேஸ்வரி அங்கே நின்றாள். திரும்பி வந்தபோது பாண்டிலட்சுமியும் அண்டை வீட்டுப் பெண்களும் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்தியிருந்தார்கள்.

ஆண்கள் திரும்பியபோது உச்சி வெயில். தருண்குமார் நேராகக் கொல்லைப்புறத் தொட்டிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். சுடுகாட்டிலேயே மொட்டை போட்டிருந்தார்கள். யோகேஸ்வரி மாற்று வேட்டியைக் கொண்டுபோய்க் கொடியில் போட்டாள். திரும்பப் போனவளை அவன் கூப்பிட்டான்.

"யோகு. நேத்து அந்தத் தீவு வெளையாட்ட அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுனியா? கடைசி வீட்ட?"

அவள் நின்றாள். "அம்மா சொன்னாகளா?"

"இல்ல. போன வாரம் அப்பா எனக்கு அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாக. மத்தியானம், நீ வேலைக்குப் போயிருந்த நேரம். பொறுக்கலை போல, அவுகளே தெறந்துட்டாக. என்ன எளுதியிருக்குன்னு கேட்டுப் போன் போட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"எளுதியிருந்தத அப்பிடியே சொல்லிட்டேன்." அவன் சொம்பைத் தொட்டியின் விளிம்பில் வைத்தான். அது சரிந்து தண்ணீரில் விழுந்தது. எடுக்கவில்லை. "எனக்கு மீட்டிங்குக்கு நேரமாச்சு. அந்தக் கெளவரு வரும்போதே செத்துட்டாராம்பா, மக படகேறிப் போயிட்டாளாம்னு மடமடன்னு சொல்லிட்டேன். சொன்னப் பெறகுதான் நாக்கக் கடிச்சிக்கிட்டேன்."

"அப்பா?"

"மூச்சுச் சத்தம் மட்டும் கேக்குது. பெறகு, 'அந்தப் பிள்ள கரை சேந்துருச்சில்ல?'ன்னாக. ஆமாப்பான்னேன். 'அப்பச் சரி'ன்னாக."

கொடியில் வேட்டி காற்றில் அசைந்தது. யோகேஸ்வரி அதன் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னாக," என்றான் அண்ணன். "'கெளவர வெளிய கூட்டியாந்து பளைய எடத்துலயே நிப்பாட்டிட்டேன். நான் பாத்தது அவளுக்குத் தெரிய வேண்டாம். அவ வாசிச்சுச் சொல்லட்டும், கேட்டுக்கிறேன்'னாக. அதுதான் அப்பா எங்கிட்டக் கடைசியாப் பேசினது." அவனே மறுபடி கேட்டான். "நீ வாசிச்சப்ப... அப்பா அளுதாகளா?"

"இல்ல," என்றாள் யோகேஸ்வரி. "சிரிச்சாக."

"சிரிச்சாகளா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள். தருண்குமார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தொட்டி விளிம்பில் உட்கார்ந்து முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டான். முதுகு ஏறி ஏறி இறங்கியது. சத்தம் இல்லை.

அவன் பிடரியில், காதுக்குப் பின்னால், சவரக்கத்தி ஓரிடத்தில் கீறியிருந்தது. தண்ணீரில் கலந்து ரத்தம் மெல்லியதாகத் தோளுக்கு இறங்கியது. அவனுக்கு அது தெரிந்திருக்காது. யோகேஸ்வரி அருகில் போய்த் துப்பட்டாவின் நுனியை மடித்து அந்த இடத்தில் வைத்தாள். வைத்து, ரத்தம் நிற்கும் வரை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றாள்.